ஏழு கட்டையில் மேவிஸ்

வெர்லின் ஸ்டிடம் தன் பாட்டுகளில் அம்மாவை ஆறு முறை சாகடித்திருந்தான். காய்ச்சலில் இரண்டு முறை, வெள்ளத்தில் ஒரு முறை, மற்றதெல்லாம் மகன் ஊர் திரும்பாத ஏக்கத்தில். அம்மாவோ கென்டக்கி மலையில், பிஜன் பிராஞ்ச் ஓடைக்கரையில், புகையிலை மென்றுகொண்டு நன்றாகத்தான் இருந்தாள். புது ரெக்கார்டு வந்தால் போன் போட்டுக் கேட்பாள்.

"இந்தத் தடவையாவது என்னை உயிரோட விட்டியாடா?"

"பாட்டு நல்லா வரணும்னா யாராவது சாகணும்மா."

"அப்ப உங்கப்பனைச் சாவடி. அந்தாளு ஏற்கனவே செத்தவர்தானே, வலிக்காது."

புளூகிராஸ் என்கிற மலைநாட்டுப் பாட்டுத் தொழில் அப்படி. வரி முழுக்கச் சாவும் பிரிவுமாக இருக்கும். வாசிப்பு மட்டும் பிரேக் பிடிக்காத லாரி மலையிறங்கும் வேகத்தில் இருக்கும். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே காலால் தாளம் போடுவார்கள். இதில் எது நிஜம் என்று வெர்லினின் மனைவி ஒலேட்டா எப்போதோ யோசிப்பதை விட்டுவிட்டாள். அவள் அவன் குழுவில் பாஸ் வாசிப்பவள். ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தின் பின்னால் நின்று, கல்யாணமான நாளிலிருந்து தும் தும் என்று தட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவது வெர்லின் வேலை. அதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அவனுக்குச் சோறு போட்டது அம்மா பாட்டுகள் இல்லை. ஒரே ஒரு பாட்டு. "மலை ஏறி வா, மேவிஸ்". ஒஹையோவில் கார் கதவுத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்த காலத்தில், அட்டைப் பெட்டி மூடியில் எழுதியது. எழுதி முடித்ததும் கையுறையைக் கழற்றி இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டான். யாரும் எடுத்திருக்காவிட்டால் அந்தக் கையுறை இன்னும் அங்கேயே கிடக்கும். ஒரு கராஜில் வைத்துப் பதிவு செய்த அந்தப் பாட்டு மலைப்பக்கத்து ரேடியோக்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைக் காட்டி வெர்லின் ஒரு குழு சேர்த்தான். பிஜன் பிராஞ்ச் பாய்ஸ் என்று பெயர் வைத்தான். ஒலேட்டா சேர்ந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. "போஸ்டர் அடிச்சாச்சு" என்றான்.

பாட்டில் ஒருவன் மலையுச்சியில் நின்று, பனிமூட்டத்துக்குள் போன மேவிஸைக் கூப்பிடுகிறான். கடைசியில் அவள் பெயர் மட்டும் மூன்று முறை, ஒன்றைவிட ஒன்று மேலே. அதை ஏழு கட்டைச் சுருதியில் பாட வேண்டும். அந்தப் பக்கம் ஆண்பிள்ளைப் பாடகனுக்கு அளவுகோல் அதுதான். ஐந்து கட்டையில் யார் வேண்டுமானாலும் பாடுவார்கள், பாதிரியார்கூடப் பாடுவார். ஏழு கட்டைக்குத் தொண்டையில் கம்பி இருக்க வேண்டும். வெர்லின் கிட்டார் கழுத்தில் நாலாவது பட்டையில் சுருதி ஏற்றும் கவ்வியை மாட்டி, தொப்பியைப் பின்னால் தள்ளி, மூன்றாவது "மேவிஸ்"ஸைத் தூக்கி எறிந்தானென்றால் கடைசி வரிசையில் இருப்பவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். மனைவியை இழந்தவர்கள் நிகழ்ச்சி முடிந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நிற்பார்கள்.

மேவிஸ் அவன் மாமாவின் கோவேறு கழுதை. வேலி தாண்டி மலைக்குள் ஓடிவிடும். இது ஒலேட்டாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் சொல்லிவிட்டு, வெளியே சொல்லக் கூடாது என்று பைபிள் மேல் கை வைக்கச் சொன்னான். பைபிள் கையில் இல்லை. பாட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

வெர்லின் அறுபதைத் தாண்டிய ஒரு குளிர்காலத்தில், வர்ஜீனியாவில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில், மூன்றாவது மேவிஸ் ஏறவில்லை. பாதி வழியில் முறிந்து, கழுத்தைப் பிடித்த கோழியின் சத்தமாக வெளியே வந்தது. வெர்லின் இருமி, நெஞ்சைத் தட்டி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தான். வேனில் திரும்பும்போது வழி முழுக்கக் காரணம் சொன்னான். ஜிம்மில் ஹீட்டர் காற்று வறட்சி. மைக்காரனுக்கு வேலை தெரியாது. மத்தியானம் தின்ற பீன்ஸ் சூப்பில் மிளகு கூடிவிட்டது.

"இல்லாட்டி வயசா இருக்கும்" என்றாள் ஒலேட்டா, வண்டியை ஓட்டிக்கொண்டே.

அடுத்த வாரம் வெர்லின் ரேடியோ பேட்டியில், யாரும் கேட்காமலேயே, சவால்போலச் சொல்லி வைத்தான். "மேவிஸை ஏழு கட்டையில பாட முடியாத அன்னைக்கு, இந்த வெர்லின் கிட்டாரை ஆணியில மாட்டிடுவான். நேரா என் மச்சான் எஸ்டில் கடைக்குப் போய்க் காருக்கு சைலன்சர் மாட்டுவேன். இது என் வாக்கு."

அந்த மலையில் வாக்கு என்றால் வாக்குதான். ரேடியோவில் சொன்னால் அதைவிட மோசம்.

ஒலேட்டா சமையலறையில் நின்று அதைக் கேட்டாள். வெர்லின் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருஷம் கால் எலும்பு முறிந்து குளிர்காலம் முழுக்க வீட்டோடு இருந்தான். சும்மா இருக்கத் தெரியாமல் அலமாரிகளை ஒழுங்குபடுத்தினான். அப்போது அவன் வைத்த உப்பு டப்பா எங்கே என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவளுக்கு வேன் பிடிக்கும். ஊர் ஊராகப் போய், தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்டும் கூட்டத்தில் வாசித்து, யாரோ அடுப்பில் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தைப் பேப்பர் தட்டில் வாங்கித் தின்பது பிடிக்கும். வீட்டில் அவள் வெறும் ஒலேட்டா. பாஸின் பின்னால் நின்றால் மூன்று ஆண்பிள்ளைகள் அவள் தட்டலைக் கேட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். அதை அவள் ஒரு தொண்டைக்காக விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

மறுநாள் பாஞ்சோக்காரன் டோர்சியைக் கூப்பிட்டாள். நாற்பது வயது, மூன்று குழந்தைகள், ரகசியம் காக்கத் தெரிந்தவன்.

"எல்லா வாத்தியத்தையும் அரைக் கட்டை இறக்கிக்கலாம்."

"வெர்லின் கண்டுபிடிச்சிடுவாரு அக்கா."

"எப்படிக் கண்டுபிடிப்பாரு? அந்தாளு கிட்டாரைச் சுருதி சேத்து எத்தனை வருஷமாச்சு? நிகழ்ச்சிக்கு முன்னாடி ரெக்கார்டு விக்கிற மேஜையில நின்னு கை குலுக்கிக்கிட்டு இருப்பாரு. சுருதி சேக்கிறது நான்தான். கவ்வி அதே நாலாவது பட்டையில இருக்கும். பாக்கிற கண்ணுக்கு ஏழு கட்டை. தொண்டைக்கு ஆறரை."

"கம்பி தளர்ந்து கொழகொழன்னு இருக்குமே?"

"தடிச்ச கம்பி வாங்கி வச்சிருக்கேன்."

டோர்சி தலையைச் சொறிந்தான். "என் பாஞ்சோ சத்தம் சாணியில தவளை குதிச்ச மாதிரி இருக்கும்."

"இப்ப மட்டும் எப்படி இருக்காம்?"

பிடில்காரர் ஆர்லிஸிடம் சொன்னபோது அவர் தோளைக் குலுக்கினார். ஆர்லிஸ் பேசுகிறவர் இல்லை.

அடுத்த நிகழ்ச்சியில் மூன்றாவது மேவிஸ் அருவிபோல எழுந்து போனது. வேனில் வெர்லின் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். "பாத்தியா? வயசாம் வயசு. மிளகுதான்னு சொன்னேன்ல." அன்றிலிருந்து அவன் பீன்ஸ் சூப்பில் மிளகு போடவில்லை. ஒலேட்டா ஓட்டுநர் இருக்கையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள். டோர்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

மூன்றாவது கோடையில் கேனி கேப் இசை விழா வந்தது. மலை இடுக்கில் பெரிய புல்வெளி. மடக்கு நாற்காலியும் குளிர்பெட்டியுமாக ஜனங்கள் நாலு நாள் அங்கேயே குடியிருப்பார்கள். வேன் புல்வெளிக்குள் திரும்பும்போதுதான் வெர்லின் வாயைத் திறந்தான்.

"இன்னைக்குக் கடைசிப் பாட்டுக்குக் கிளெல் மேடைக்கு வர்றான்."

ஒலேட்டா பிரேக் போட்டாள். பின்னால் பாஸ் தடால் என்று சரிந்தது.

கிளெல் நோபிள் அவர்களுடைய பழைய மாண்டலின்காரன். மேவிஸ் ரெக்கார்டில் வெர்லினுக்கு மேலே ஏறி ஒட்டிப் பாடும் குரல் அவனுடையது. இருவரும் தொப்பியால் பிரிந்தார்கள். குழு முழுக்க வெள்ளைத் தொப்பி என்று வெர்லின் சொன்னான். கிளெல் சாம்பல் நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்தான். வெள்ளை சீக்கிரம் அழுக்காகும் என்றான். பேச்சு முற்றி, பெட்ரோல் பங்க்கில் வைத்தே மாண்டலினைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவன், தனக்கென்று ஒரு குழு சேர்த்துக்கொண்டான். பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குழுவில் மாண்டலினுக்கு வேறு ஆளும் வைக்கவில்லை.

"இதை இப்பத்தான் சொல்றியா?"

"விழாக்காரங்க கேட்டாங்க. சரின்னுட்டேன். ஏன், உனக்கு என்ன வந்துச்சு?"

அவளுக்கு என்ன வந்தது என்று சொல்ல முடியாது. கிளெல் தன் மாண்டலினை உலகத்துச் சுருதியில் வைத்து மேடையேறுவான். குழு அரைக் கட்டை கீழே இருக்கும். முதல் தட்டிலேயே குட்டு உடைந்துவிடும். ஒத்திகையும் கிடையாது. இரண்டு பேருக்கும் அவ்வளவு ரோஷம். நேராக மேடையில்தான் முகத்தைப் பார்ப்பார்களாம்.

வெர்லின் ரெக்கார்டு மேஜைக்குப் போனதும், ஒலேட்டா கூடாரங்களுக்கு நடுவே கிளெல் தங்கியிருந்த கேம்பர் வண்டியைத் தேடிப் போனாள். கிளெல் வாசலில் நின்று உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். தொப்பை வந்திருந்தது. தொப்பி இன்னும் சாம்பல் நிறம்தான். அவளைப் பார்த்ததும் தொண்டையைத் தொட்டு, கையை ஆட்டினான். குரலுக்கு ஓய்வு, பேசக் கூடாது என்று அர்த்தம்.

"பேச வேண்டாம். கேட்டுக்க. எங்க வாத்தியமெல்லாம் அரைக் கட்டை கீழ இருக்கு. வெர்லினுக்குத் தெரியாது. நீயும் அரைக் கட்டை இறக்கிக்க. வாயைத் தொறந்தே, இந்தக் கொப்பளிக்கிற தண்ணியிலயே முக்கிடுவேன்."

கிளெல் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு பலமாகத் தலையாட்டினான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிய நிம்மதி. அவளெதிரிலேயே மாண்டலினை எடுத்து முறுக்காணிகளைத் திருக ஆரம்பித்தான். ஒலேட்டா லேசான மனதோடு திரும்பி வந்து, ஒரு சோளரொட்டி வாங்கித் தின்றாள்.

சாயங்கால வெயிலில் பிஜன் பிராஞ்ச் பாய்ஸ் மேடையேறினார்கள். அவர்கள் பழைய முறைப்படி ஒரே மைக் வைத்து வாசிப்பவர்கள். நடுவில் ஒரு மைக். யார் முறையோ அவர் முன்னால் போய் வாசித்துவிட்டுப் பக்கவாட்டில் விலகுவார், அடுத்தவர் நுழைவார். இடித்துக்கொள்ளாமல் இதைச் செய்வது பாதி வித்தை. அந்த மைக்குக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் யார் மூச்சு விட்டாலும் ஊருக்கே கேட்கும்.

கடைசிப் பாட்டு வந்தது. வெர்லின் தொப்பியைக் கழற்றினான்.

"மக்களே, ஒரு பழைய நண்பர் வந்திருக்காரு. தொப்பி விஷயத்துல ரசனை கம்மி. மத்தபடி நல்ல மனுஷன். கிளெல் நோபிள்!"

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கிளெல் ஏறி வந்தான். இருவரும் கை குலுக்கினார்கள்; கொஞ்ச நேரம் விடவில்லை. டோர்சி பாஞ்சோவில் மேவிஸைத் தொடங்கினான். பிடில் சேர்ந்தது. பாஸ் தட்டியது. கிளெல் உற்சாகமாக மாண்டலினை மீட்டினான்.

டின் கூரையில் பூனையை இழுத்ததுபோல இருந்தது.

முதல் வரிசை ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு நாய் எழுந்து போனது. வெர்லின் கையைத் தூக்கி வாசிப்பை நிறுத்தினான்.

"கிளெல், பதினெட்டு வருஷம் டைம் இருந்துச்சே. அதுல ஒரு நாளாவது மாண்டலினைச் சுருதி சேத்திருக்கக் கூடாதா?"

"என்னுது சரியாத்தான் இருக்கு. உன் ஆளுங்களைப் பாரு."

"என் ஆளுங்களா? நாங்க அஞ்சு நாள் முன்னாடி இந்தியானாவுல வாசிச்சிட்டு வர்றோம். யாரும் எந்திரிச்சு ஓடல."

"அவங்களுக்குக் காது கேட்காம இருந்திருக்கும்."

கூட்டம் சிரித்தது. சுருதி சேர்க்கும்போது மேடையில் வம்பளப்பது வழக்கம்தான். ஒலேட்டா மட்டும் சிரிக்கவில்லை. கிளெலின் மாண்டலினைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளை விழித்துப் பார்த்தான், நீ சொன்னபடிதானே செய்தேன் என்பதுபோல. டோர்சியின் பாஞ்சோவில் சுருதி காட்டும் சின்னக் கருவி மாட்டியிருந்தது. அவள் கண்ணைக் காட்ட, அவன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அப்போது முதல் வரிசை மடக்கு நாற்காலியிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். ஹோபர்ட், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் அதே இடத்தில் உட்காருவார். சட்டைப் பையில் எப்போதும் ஹார்மோனிகா இருக்கும். யாரும் அவரை வாசிக்கச் சேர்த்துக்கொள்வதில்லை. புளூகிராஸ்காரர்களுக்கு ஹார்மோனிகா என்றால் வேண்டாத விருந்தாளி.

"பிரதர் வெர்லின், என்கிட்ட ஒண்ணு இருக்கு. அஞ்சு கட்டை. இதைத் திருகி யாரும் ஏமாத்த முடியாது. ஆணியே கிடையாது."

"பிரதர் ஹோபர்ட், உங்க வாழ்க்கையில முதல் தடவையா உங்களை வாசிக்கச் சொல்றேன். ஊதுங்க."

ஹோபர்ட் எழுந்து நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரே சுரத்தை நீளமாக ஊதினார். அவருக்கு அது பெரிய தருணம், நிறுத்த மனமில்லை. வெர்லின் கவ்வியைக் கழற்றிவிட்டு அதே சுரத்தைக் கிட்டாரில் தட்டினான். அரைக் கட்டை கீழே கேட்டது. மறுபடி தட்டினான். அதேதான். கிளெல் மாண்டலினில் தட்டினான். அது இன்னும் அரைக் கட்டை கீழே.

ஹோபர்ட் ஹார்மோனிகாவை இறக்கினார். "பிரதர், நீங்க ரெண்டு பேருமே தப்பு. அவரு உங்களை விடத் தப்பு."

கிளெலின் முகம் சிவந்தது. அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவன் குழுவிலும் மூன்று வருஷமாக வாத்தியங்களை அரைக் கட்டை இறக்கித்தான் வைத்திருந்தார்கள், அவன் தொண்டைக்காக. அது பழகிப் பழகி, அதுதான் நிஜச் சுருதி என்று கைக்குப் பதிந்துபோயிருந்தது. ஒலேட்டா இறக்கச் சொன்னதும், இறக்கியிருந்ததை மறுபடி இறக்கிவிட்டான்.

வெர்லின் மெதுவாக ஒலேட்டா பக்கம் திரும்பினான். மைக்குக்கு அருகில் நின்று கிசுகிசுத்தான். புல்வெளி முழுக்கக் கேட்டது.

"எத்தனை நாளா?"

"நீ அந்த ஜிம்முல கோழி மாதிரி கத்தினியே, அன்னையிலேர்ந்து."

"அப்ப மிளகு?"

"மிளகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ சும்மா மிளகைப் பட்டினி போட்டே."

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. கிட்டாரை உலகத்துச் சுருதிக்கு ஏற்ற ஆரம்பித்தான். பல வருஷமாகச் செய்யாத வேலை, விரல் தடுமாறியது. ஹோபர்ட் மறுபடி மறுபடி ஊதிக் கொடுத்தார். டோர்சியும் ஆர்லிஸும் கிளெலும் ஏற்றினார்கள். ஒலேட்டாவும் பாஸை ஏற்றினாள். இன்னும் ஒரு பாட்டில் முடிந்துவிடும்: வேன், ஆப்பிள் பை, எல்லாம். வெர்லின் வாக்குக் கொடுத்தவன். தோற்றால் போய்விடுவான். ரோஷக்காரன்.

"இப்ப நிஜ ஏழு கட்டை" என்றான் வெர்லின். "கிளெல், வர்றியா, ஓடிடுறியா?"

"ஓடுற அளவுக்கு முட்டி இல்ல. நான் வர்றேன்."

பாட்டு புறப்பட்டது. முதல் இரண்டு சரணம் நன்றாகத்தான் போனது. கடைசியில் இருவரும் மைக்குக்கு இரு பக்கமும் முகத்தோடு முகம் நெருங்கி நின்றார்கள். முதல் மேவிஸ் ஏறியது. இரண்டாவது நரம்பு புடைக்க ஏறியது. மூன்றாவது ஏறவில்லை. வெர்லின் குரல் கீறி இரண்டாகப் பிரிந்தது. அதற்கு மேலே ஏறப்போன கிளெலின் குரல் துருப்பிடித்த கதவைப்போலக் கிறீச்சிட்டு நின்றது. மலை இடுக்கில் மோதி அது திரும்பி வேறு வந்தது.

வெர்லின் தரையைப் பார்த்தான். அவன் காது நுனி சிவந்திருந்ததை ஒலேட்டா பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்து ஒரு நாளும் பேசாதவள், பாஸை இழுத்துக்கொண்டு மைக்குக்கு வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மேவிஸ் ஒரு கோவேறு கழுதை. இவரோட மாமா வளத்தது. இப்ப நீங்க கேட்டது கிட்டத்தட்ட அதோட சொந்தக் குரல்."

ஹோபர்ட் நாற்காலியிலிருந்து சரிந்தார். புல்வெளி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கிளெல் மட்டும் வாயைப் பிளந்து நின்றான்.

"கழுதையா? வெர்லின், அந்தப் பாட்டைப் பாடி நான் அழுதிருக்கேன்டா! என் ரெண்டாவது கல்யாணத்துல பாடியிருக்கேன்!"

"நல்லாத்தான் பாடினே" என்றான் வெர்லின். வேறு வழியில்லாமல் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். "வாக்குன்னா வாக்குதான், மக்களே. சைலன்சர் மாத்தணும்னா எஸ்டில் கடைக்கு வாங்க."

திங்கட்கிழமை காலை, சாப்பாட்டுப் பெட்டியோடு மச்சான் கடைக்குப் போனான். ஒலேட்டா தடுத்துப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை. பகலில் வீடு அமைதியாக இருந்தது. அவள் பாஸை எடுத்துத் தனியாகத் தட்டிப் பார்த்தாள். தனியாக வாசித்தால் பாஸ் என்பது யாரோ அடுத்த அறையில் மரம் நகர்த்தும் சத்தம். உறைக்குள் போட்டு மூடினாள். சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்த வெர்லின், பொழுது போகாமல் கரண்டிகளை நீள வரிசைப்படி அடுக்கினான்.

இரண்டாவது வாரம் எஸ்டில் போன் செய்தான்.

"அக்கா, உன் புருஷனைத் திருப்பி எடுத்துக்க."

"ஏன், வேலை சரியில்லையா?"

"வேலை பரவாயில்ல. கார் அடியில படுத்துக்கிட்டு நாள் பூரா பாடுறாரு. கஸ்டமருங்க வண்டி ரெடியானாலும் போகாம உக்காந்து கேக்குறாங்க. காபி தீந்து போச்சு. நேத்து ஒருத்தன் நல்லா இருக்கிற சைலன்சரைக் கழட்டிப் புதுசு மாட்டச் சொல்லி வந்து நிக்கிறான்."

ஒலேட்டா கடைக்குப் போனாள். தூக்கி நிறுத்திய ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து வெர்லினின் பூட்ஸ் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் நாலைந்து பேர் டயர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாடிக்கொண்டிருந்தது மேவிஸ்தான். ஆனால் அடித் தொண்டையில், அவசரமே இல்லாமல். மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே கத்த முடியாது என்பதால் தொடங்கியதாக இருக்கும். மூன்றாவது மேவிஸ் மேலே போகவில்லை. கீழே இறங்கி, காதோரம் வந்து நின்றது.

பாட்டு முடிந்ததும் அவள் பூட்ஸை உதைத்தாள். "இது எத்தனை கட்டை?"

"அஞ்சு." அவன் படுத்திருந்த சக்கரப் பலகை உருண்டு வெளியே வந்தது. முகத்தில் கரி. "யோசிச்சுப் பாத்தேன் ஒலேட்டா. உச்சியில நின்னு கத்தினா மேவிஸ் ஒரு நாளும் வந்ததில்ல. இன்னும் ரெண்டு வேலி தாண்டி ஓடும். மாமா ஒரு ஆப்பிளைக் கையில வச்சுக்கிட்டு, பக்கத்துல போய் மெதுவாப் பேசுவாரு. அப்பத்தான் வரும். நான் அந்த வயசுல அதைக் கவனிக்கல. பாட்டைத் தப்பா எழுதிட்டேன். இப்பத்தான் சரி பண்ணியிருக்கேன். கடைசிச் சரணத்துல ஆப்பிள் வருது."

"அப்ப வாக்கு?"

எஸ்டில் கல்லாவிலிருந்து கத்தினான். "மச்சான், வாக்குப்படி வந்தீங்க, மாட்டுனீங்க. முடிஞ்சுது. தயவுசெஞ்சு போங்க."

வெர்லின் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு, "அந்தச் சாம்பல் தொப்பிக்காரன் நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டான்.

இலையுதிர் காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தில் நிகழ்ச்சி. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். நான்கு வெள்ளைத் தொப்பி, ஒரு சாம்பல் தொப்பி. வெர்லின் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அவன் படும் பாட்டை ஒலேட்டா ரசித்தாள். பாஸின் தலையில் தன் தொப்பியை மாட்டிவிட்டு, தும் தும் என்று கம்பியைத் தட்டிப் பார்த்தாள். வேனுக்குள் ஆப்பிள் பை காத்திருந்தது.

வெர்லின் கிட்டாரைத் தானே தூக்கிக்கொண்டு மைக்குக்கு வந்தான்.

"அடுத்த பாட்டு ஒரு கழுதையைப் பத்தி. எங்க வாயாலேயே சொல்லிடுறோம், இது அஞ்சு கட்டை. நம்பாதவங்க சரிபாத்துக்கலாம். பிரதர் ஹோபர்ட் வந்திருக்காரா?"

முதல் வரிசையில் ஹோபர்ட் ஏற்கனவே எழுந்து நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.